ஃபார்மேட் அடிப்பதற்கு முன்: கெர்னல் ஏன் விழுகிறது?

மதுரையில் ஒரு கடையின் கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டினால் அடுத்து நடப்பதை மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். சர்வீஸ் தம்பி வருவார், ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டுவார். அதற்கும் மசியவில்லை என்றால் "விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சுண்ணே, ஃபார்மேட் அடிச்சிருவோம்" என்பார். அடித்த பிறகு ஒரு வாரம் நன்றாக ஓடும், அப்புறம் அதே திரை. இந்தத் தடவை தீர்ப்பு "போர்டு போச்சுண்ணே" என்று மாறும். இரண்டு தீர்ப்பும் தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஃபார்மேட்டில் போவது அரை நாளும் சில நூறு ரூபாயும் என்றால் பரவாயில்லை. தான் ஏன் விழுந்தோம் என்று கெர்னல் எழுதிவைத்த வாக்குமூலமும் அதோடு சேர்ந்து அழிந்துபோகிறது. (2025-ல் வந்த அப்டேட்டில் விண்டோஸ் 11 நீலத்தைக் கறுப்பாக மாற்றிவிட்டது. பழக்க தோஷம், நான் நீலத்திரை என்றே எழுதுகிறேன்.)

கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு மெமரி, டிஸ்க்கில் யார் எப்போது எழுதலாம், கீபோர்டில் தட்டிய எழுத்து யாருக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. பில் போடும் புரோகிராம் டிஸ்க்கை நேரடியாகத் தொட முடியாது, கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் 0 முதல் 3 வரை நான்கு அதிகார அடுக்குகள் உண்டு. விண்டோஸும் லினக்ஸும் அதில் இரண்டைத்தான் பயன்படுத்துகின்றன: கெர்னலுக்கு 0, மற்ற எல்லோருக்கும் 3.

மூன்றில் இருக்கும் புரோகிராம் தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டால் பிராசஸர் கையைப் பிடித்து கெர்னலிடம் ஒப்படைக்கும். கெர்னல் அந்தப் புரோகிராமை மட்டும் மூடிவிடும், மற்றவை பாட்டுக்கு ஓடும். அதே தப்பை கெர்னலுக்குள் இருக்கும் ஒருவர் செய்தால் முறையிட மேலே ஆள் கிடையாது. அதைவிட மோசம், உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் மெமரி பொது. கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் (அந்தச் சாதனத்தை இயக்கும் புரோகிராம்), வைஃபை டிரைவர், ஆண்டிவைரஸின் ஒரு பகுதி, நம்ம ஊர்க் கடைகளில் மாட்டியிருக்கும் பழைய பிரிண்டர் போர்டுகளின் டிரைவர் என்று பலரும் கெர்னலோடு ஒரே இடத்தில் புழங்குகிறார்கள்.

கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தவர் தன் இலையில் ரசத்தைக் கொட்டிக்கொண்டால் அந்த இலையோடு போயிற்று. சமையல்கட்டில் யாரோ சாம்பார் அண்டாவில் இரண்டாம் தடவை உப்பைப் போட்டுவிட்டால் மண்டபமே முகம் சுளிக்கும். திட்டு வாங்குவதோ வாளியோடு வந்த பரிமாறும் பையன். நீலத்திரையில் தெரியும் பெயரும் பல நேரம் அந்தப் பையனுடையதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நீலத்திரை வருவது கெர்னல் தானாக எடுக்கும் முடிவு. தன் உள் அட்டவணைகளில் இருக்கவே முடியாத ஒரு மதிப்பைப் பார்க்கிறது. இதற்கு மேல் ஓடினால் டிஸ்க்கில் எழுதுவதெல்லாம் குப்பையாகலாம், நேற்றுவரை போட்ட பில்லும் கெடலாம் என்பதால் அங்கேயே நின்றுவிடுகிறது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் பிறந்த காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். அதற்கு முந்தைய ஆபரேட்டிங் சிஸ்டமான மல்டிக்ஸில் வேலை பார்த்த டாம் வான் விளெக், தாங்கள் எழுதுவதில் பாதி பிழையிலிருந்து மீள்வதற்கான புரோகிராம் வரிகள்தான் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியிடம் சொல்லியிருக்கிறார். அதையெல்லாம் நாங்கள் விட்டுவிட்டோம், பேனிக் என்று ஒரு ரொட்டீன் இருக்கிறது, அது வந்தால் மெஷின் நின்றுவிடும், ரீபூட் பண்ணுங்கப்பா என்று வராந்தாவில் கத்த வேண்டியதுதான் என்பது ரிச்சியின் பதில். லினக்ஸில் இன்றும் கெர்னல் பேனிக் என்றே சொல்கிறோம்.

நிற்பதற்கு முன் கெர்னல் ஒரு காரியம் செய்கிறது. அப்போது ஃபைல் சிஸ்டத்தை நம்ப முடியாது, அதுவே கெட்டிருக்கலாம். அதனால் விண்டோஸ், ரேம் போதாதபோது பயன்படுத்த டிஸ்க்கில் ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருக்கும் பேஜ் ஃபைலின் மேல், இதற்கென்றே தனியாக வைத்திருக்கும் எளிய டிஸ்க் டிரைவரைக் கொண்டு மெமரியின் நகலை (டம்ப்) நேராக எழுதிவிடுகிறது. அடுத்த முறை பூட் ஆகும்போது அதை எடுத்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் தேதி போட்டு வைக்கிறது. ஸ்பீடு கூடும் என்று பேஜ் ஃபைலை நிறுத்திவைத்தவர்களுக்கும், கிளீனர் புரோகிராமை வாரம் ஒருமுறை ஓட்டுபவர்களுக்கும் அந்த ஃபோல்டர் காலியாக இருக்கும். "என்ன ஏதுன்னே தெரியல சார்" என்று வரும் மெஷின்களில் இது சகஜம்.

சரி, யார் உப்பைப் போடுகிறார்கள்? நீண்ட காலமாக முதல் சந்தேகம் டிரைவர்கள் மேல்தான். 2001-ல் ஸ்டான்ஃபோர்டில் லினக்ஸின் புரோகிராம் வரிகளை ஆராய்ந்தவர்கள், டிரைவர்களில் பிழை விகிதம் கெர்னலின் மற்ற பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்குவரை இருப்பதாகக் கண்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நீலத்திரைகளில் 85 சதவீதம் டிரைவரால் வந்தவை என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு குறிப்பிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கெர்னலின் மையத்தைப் பல வருடம் பல பேர் சல்லடை போட்டுச் சலித்திருக்கிறார்கள். ஒரு பிரிண்டர் போர்டின் டிரைவரை ஒரே ஒரு கம்பெனியின் இரண்டு பேர் எழுதி, தங்கள் மேஜையில் இருந்த மெஷினில் ஓட்டிப் பார்த்து அனுப்பியிருப்பார்கள்.

சிம்மக்கல் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் பார்த்தது இது. காதுகுத்துக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் ஃபிளெக்ஸ் இல்லாமல் இந்த ஊரில் காரியம் நடக்காது என்பதால் மெஷினுக்கு ஓய்வே கிடையாது. விண்டோஸ் 7, 4 ஜிபி ரேம், பிரிண்டர் யுஎஸ்பியில். சின்ன பேனர்கள் மாதக்கணக்கில் ஒழுங்காகப் போகும். சித்திரைத் திருவிழா சமயத்தில் நாற்பது அடி டிசைன் ஃபோட்டோஷாப்பில் திறந்திருக்கும்போது இன்னொரு ஜாப் பிரிண்டுக்குப் போனால் நீலத்திரை. பாதி அச்சான ஃபிளெக்ஸ் வீண். திரையில் "டிரைவர் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்குவல்" என்ற வாசகமும், கீழே பிரிண்டர் போர்டின் டிரைவர் ஃபைல் பெயரும் இருந்தன.

இந்த வாசகம் மிரட்டினாலும் சங்கதி எளிது. யுஎஸ்பி வழியாக அனுப்பிய டேட்டா போய்ச் சேர்ந்தது என்று தகவல் வரும் அந்தக் கண நேரத்தில் டிரைவர் அவசர நிலையில் ஓடுகிறது. அந்த நிலையில் அது எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. ரேம் போதாமல் கெர்னல் மெமரியின் சில பக்கங்களை (சிறு துண்டுகளை) டிஸ்க்குக்கு அனுப்பிவைத்திருக்கும். அப்படிப் போன பக்கத்தைத் தொட்டால் அது திரும்பி வரும்வரை நிற்க வேண்டும், ஆனால் நிற்க அனுமதி இல்லை. அதனால்தான் அவசர நிலையில் தொடும் மெமரி எப்போதும் ரேமிலேயே இருக்கும்படி ஒதுக்க வேண்டும் என்பது விதி. இந்த டிரைவர் அதை மீறியிருந்தது. ஆனால் ரேம் தாராளமாக இருக்கும் நாட்களில் அந்தப் பக்கம் டிஸ்க்குக்குப் போகாது, பிழையும் தெரியாது. பெரிய ஃபைல் திறந்து ரேம் நிரம்பும்போதுதான் பக்கம் வெளியே போகிறது, டிரைவர் அதைத் தொடுகிறது, கெர்னல் நிற்கிறது.

ரேமை 8 ஜிபி ஆக்கியதும் நீலத்திரை நின்றது. பழைய ரேம் கெட்டுப்போயிருந்தது என்றுதான் கடைக்காரர் இன்றுவரை நம்புகிறார். அந்த ரேமில் ஒரு குறையும் இல்லை, பிழை இன்னமும் டிரைவருக்குள் அப்படியே இருக்கிறது. இதே மெஷினை ஃபார்மேட் அடித்திருந்தாலும் சில வாரம் நன்றாக ஓடியிருக்கும். புதிதாகப் போட்ட விண்டோஸில் பின்னணியில் ஓடும் சாமான்கள் குறைவு, ரேம் காலியாக இருக்கும். ஃபார்மேட்டுக்கு ஊரில் இருக்கும் நல்ல பெயருக்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

அந்தக் கடையில் திரையே சரியான ஆளைக் காட்டியது. எப்போதும் அப்படி அமையாது. ஒரு டிரைவர் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி பக்கத்து இடத்தில் எழுதிவிடுகிறது, அல்லது திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரியில் மறுபடி கை வைக்கிறது. அந்த நேரம் ஒன்றும் ஆகாது. பத்து நிமிடம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒருவர் அந்த இடத்தைப் படிக்கும்போதுதான் குட்டு உடைகிறது. படிப்பவர் பெரும்பாலும் விண்டோஸின் மைய ஃபைலான என்டிஓஎஸ் கெர்னலாகவே இருக்கும். புளூஸ்கிரீன்வியூ போன்ற இலவச டூல்கள் அந்தப் பெயரை இளஞ்சிவப்பில் காட்டும். அதைப் பார்த்துத்தான் விண்டோஸ் கரப்ட் என்ற முடிவுக்கு வருகிறார்கள். கண்டுபிடித்தவன் மேலேயே கேஸ்.

அதனால் ஒரே ஒரு டம்ப்பை வைத்து முடிவு கட்டாமல் நான்கைந்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே வாசகம், அதே டிரைவர், அதே வேலை நடக்கும்போது என்றால் சாஃப்ட்வேர் பிழை. ஒருநாள் மெமரி மேனேஜ்மென்ட், மறுநாள் பேஜ் ஃபால்ட், அடுத்த நாள் வேறொன்று, பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன என்றால் முதலில் ஹார்டுவேரைப் பார்க்க வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்டால் விண்டோஸிலேயே டிரைவர் வெரிஃபையர் என்று ஒன்று இருக்கிறது. சந்தேகப்படும் டிரைவர்களுக்குக் கொடுக்கும் மெமரியின் ஓரத்தில் தொட முடியாத ஒரு பக்கத்தை வைத்துவிடும். எல்லை தாண்டிய அதே கணத்தில் மெஷின் நின்றுவிடுவதால் உண்மையான ஆள் பிடிபடுவான். இதைப் போட்டால் மெஷின் பூட் ஆகாமலே சுற்ற ஆரம்பிக்கலாம். சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸைத் திறக்கும் வழி) போய் எடுத்துவிடத் தெரிந்தவர்கள் மட்டும் தொடுவது நல்லது.

உள்ளே இருப்பவர் ஒருவர் சறுக்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2024 ஜூலை 19-ல் உலகமே பார்த்தது. இந்திய நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. அதைப் படிக்கும் பகுதி 21 மதிப்புகளை எதிர்பார்த்தது, அதற்குக் கொடுக்கப்பட்டவை 20. இல்லாத 21-ஆவதைத் தேடிப் போய் எல்லை தாண்டிய மெமரியைப் படித்தது. சாதாரண புரோகிராமாக இருந்திருந்தால் அது மட்டும் மூடியிருக்கும். இது கெர்னலுக்குள் ஓடும் டிரைவர், அதுவும் பூட் ஆகும்போதே ஏறிக்கொள்வது. நின்ற மெஷின் மறுபடி எழுந்து, அதே ஃபைலைப் படித்து, மறுபடி நின்றது. 78 நிமிடத்தில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன என்பது மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீடு. மொத்த விண்டோஸ் மெஷின்களில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இந்திய ஏர்போர்ட்டுகளில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்க அதுவே போதுமாக இருந்தது. டிரைவர் முறைப்படி சான்று வாங்கியதுதான். அன்று வந்தது டிரைவர் படிக்கும் டேட்டா ஃபைல் என்பதால் அது சான்றுக்குப் போகாமலே உள்ளே வந்துவிட்டது. சரிசெய்ய ஒவ்வொரு மெஷினாக சேஃப் மோடில் போய் அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. ஃபார்மேட் தேவைப்படவில்லை.

ஹார்டுவேருக்கு வருவோம். ரேமில் ஒரு பிட் தானாக மாறுவது அபூர்வம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கூகுள் தன் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் பலகைகளில் பிழை வந்திருந்தது. சர்வர் ரேமில் பிழை திருத்தும் வசதி இருப்பதால் தப்பிக்கிறார்கள். நம் மேஜைக் கம்ப்யூட்டர்களில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை. அழிரப்பர் வைத்தியத்தைக் கிண்டல் செய்ய மாட்டேன். இணைப்பில் படிந்த அழுக்கு போவதும், கழற்றி அழுத்தி மாட்டுவதும் உண்மையிலேயே சில மெஷின்களைக் குணப்படுத்தும். ஆனால் தேய்த்துவிட்டு நம்பிக்கையோடு வீட்டுக்குப் போவதைவிட, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் பார்ப்பது மேல். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ஒவ்வொரு ரேமாகக் கழற்றித் தனியாகச் சோதிக்க வேண்டும். சுமார் பத்து லட்சம் பிசிகளைப் பார்த்த மைக்ரோசாஃப்ட்டின் 2011 ஆய்வு ஒன்று, ஹார்டுவேர் கோளாறால் ஒருமுறை விழுந்த மெஷின் மறுபடி விழும் வாய்ப்பு நூறு மடங்குவரை கூடுதல் என்கிறது. "ஒருதடவைதானே வந்துச்சு, பார்ப்போம்" என்பது டிரைவர் பிழைக்குப் பொருந்தலாம், ரேமுக்குப் பொருந்தாது.

பிராசஸரே காரணமாக இருப்பது குறைவு, ஆனால் உண்டு. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தங்களையே கெடுத்துக்கொண்டன. 2024-ல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் (சில்லுக்குள் ஓடும் அடிப்படைப் புரோகிராம்) திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக அந்தச் சில்லு போட்டு அசெம்பிள் செய்தவர்கள் அந்தத் திருத்தம் வரும் பயாஸை (போர்டில் இருக்கும் தொடக்கப் புரோகிராம்) அப்டேட் செய்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். முன்பே கெட்டுப்போன சில்லை அந்தத் திருத்தம் மீட்காது.

வெயிலைப் பற்றி ஊரில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் மெஷின் சூடாகி நீலத்திரை வருகிறது என்பார்கள். பிராசஸர் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் சட்டென்று அணைந்துவிடும். அணைவது வேறு, நீலத்திரை வேறு. விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்ற பதிவைப் பார்த்துவிட்டு கெர்னல் கெட்டுவிட்டது என்று பயப்படுபவர்கள் நிறைய. முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி எழுந்திருக்கிறது என்பதைத் தவிர அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை. அதற்குள் இருக்கும் பக்செக் கோட் (நீலத்திரையின் பிழை எண்) 0 என்றால், கெர்னல் கிராஷ் எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம். அப்போது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி), யுபிஎஸ் பேட்டரி, வீட்டு இன்வெர்டர் இவற்றைப் பார்க்க வேண்டும். பல இன்வெர்டர்களில் பின்பக்கம் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போடாவிட்டால் கரண்ட் போகும்போது பேட்டரிக்கு மாறும் இடைவெளி ஃபேனுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

டிஸ்க் கோளாறில் "கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்" என்று வரும். டிஸ்க்குக்கு அனுப்பிய பக்கத்தைத் திரும்ப வாங்க முடியவில்லை என்று பொருள். கேபிள் தளர்ந்திருக்கலாம், டிஸ்க் சாகக் கிடக்கலாம். ஃபார்மேட் அடிக்கவே கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். முதலில் ஃபைல்களை வெளியே எடுக்க வேண்டும்.

லினக்ஸில் பிழைக்கு இரண்டு படிகள். ஊப்ஸ் என்பது, தப்பு செய்த வேலையை மட்டும் வெட்டிவிட்டுக் கெர்னல் நொண்டிக்கொண்டு ஓடுவது. பேனிக் என்றால் முழு நிறுத்தம், பழைய மெஷின்களில் கேப்ஸ் லாக் விளக்கு மினுக்கும். ஊப்ஸ் வந்தாலே பேனிக் ஆகிவிடும்படி சர்வர்களில் அமைத்துக்கொள்வதும் உண்டு. கேடம்ப் என்ற வசதியைப் போட்டுவைத்தால், விழும் கெர்னல் இதற்கென்றே ஒதுக்கிவைத்த மெமரியிலிருந்து இன்னொரு சின்ன கெர்னலை எழுப்பி, டம்ப் எழுதும் வேலையை அதனிடம் கொடுத்துவிடும். ஆனால் நம் பக்கத்துப் பள்ளி, கல்லூரி லேப்களில் நான் அதிகம் பார்ப்பது இவை எதுவும் இல்லை. அப்டேட் போட்ட மறுநாள் காலை, ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று பூட்டிலேயே பேனிக். பழைய கெர்னல்கள் சேர்ந்து பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கும், புதியதற்குத் தேவையான துணை ஃபைல் பாதியில் நின்றிருக்கும். பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் மெஷின் எழுந்துவிடும், அப்புறம் இடத்தைக் காலி செய்து மறுபடி அப்டேட் போட்டால் முடிந்தது. இதற்காக லேப் முழுக்க மறுபடி இன்ஸ்டால் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

வெளியுலகில் போக்கு, முடிந்தவரை ஆட்களைச் சமையல்கட்டிலிருந்து வெளியேற்றுவதுதான். விஸ்டா காலத்திலேயே பல யுஎஸ்பி சாதனங்களின் டிரைவர்களை மூன்றாம் அடுக்கில் ஓட்டும் வழி வந்தது. ஆப்பிள் 2019 முதல் மற்றவர்களின் கெர்னல் நீட்சிகளை ஓரங்கட்டி வருகிறது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1, திருப்பிக் கொடுத்த மெமரியைத் தொடும் தப்புகளைக் கம்பைல் செய்யும்போதும் எல்லை தாண்டும் தப்புகளைப் பெரும்பாலும் ஓடும்போதும் பிடிக்கும் ரஸ்ட் மொழிக்கு இடம் கொடுத்தது. கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்துக்குப் பிறகு, ஆண்டிவைரஸ்களைக் கெர்னலுக்கு வெளியே ஓட்டும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2025-ல் அந்த நிறுவனங்களிடம் சோதனைக்குக் கொடுத்தது.

இதெல்லாம் சிம்மக்கல் ஃபிளெக்ஸ் கடைக்கு வந்து சேராது. அந்தப் பிரிண்டர் போர்டுக்கு விண்டோஸ் 7 டிரைவர் மட்டும்தான் இருக்கிறது, புதியது எழுத யாரும் இல்லை. விண்டோஸ் 7-க்கான ஆதரவும் 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. மெஷின் பல லட்ச ரூபாய், மாற்றச் சொல்ல முடியாது. கடைக்காரரிடம் சொன்னது இவ்வளவுதான்: அதில் நெட்டைப் பிடுங்கிவிடுங்கள், டிசைன் வேலைக்கு வேறு கம்ப்யூட்டர் போடுங்கள், பிரிண்ட் ஓடும்போது அதில் வேறு எதையும் திறக்காதீர்கள், மினிடம்ப் ஃபோல்டரை யார் வந்து கேட்டாலும் அழிக்க விடாதீர்கள்.